முதலில் மீட்டர், பிறகு பலகை: வாசகர் கேள்வி – பதில்

மின்னணுக் கருவிகளைத் தாமே அமைத்துப் பார்க்க விரும்பும் வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். வெவ்வேறு சொற்களில் வந்த ஒரே கேள்விகளை ஒன்றாக்கி இம்முறை விடை அளிக்கிறேன். ஒரு குறிப்பிட்ட கருவியின் பழுதைப் பற்றிய கடிதங்களுக்கு, சுற்றின் படமும் அளவீடுகளும் இல்லாமல் பொறுப்பாக விடை சொல்ல இயலாது என்பதால், அவற்றைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: நான் வணிகவியல் படித்தவன், கணக்கர் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கற்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆர்டுயினோ வாங்குவதா, ராஸ்பெரி பை வாங்குவதா என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஆளுக்கொன்று சொல்வதற்குக் காரணம், இவ்விரண்டும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதுதான். ராஸ்பெரி பை உள்ளங்கையில் அடங்கிவிடும் என்றாலும் அது முழுமையான ஒரு கணினி. மெமரி கார்டில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றப்பட்டதும், விசைப்பலகையையும் திரையையும் இணைத்து அதில் கடிதம் எழுதலாம், இணையத்தில் உலவலாம், பைத்தான் மொழியில் நிரல் எழுதலாம். மாணவர்கள் நிரலெழுதக் கற்பதற்கு மலிவான கணினி ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாகி, 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்த அதன் முதல் மாதிரியிலேயே 700 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 256 மெகாபைட் நினைவகமும் இருந்தன. ஆர்டுயினோவோ 2005இல் இத்தாலியின் இவ்ரியா நகரில், வடிவமைப்புப் பயின்ற மாணவர்களின் தேவைக்காகத் தோன்றியது. அதன் புகழ்பெற்ற ஊனோ பலகையில் இருப்பது மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் ஒற்றைச் சிப். அதன் வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், நிரலைச் சேமிக்க 32 கிலோபைட், இயங்கும்போது மதிப்புகளை வைத்துக்கொள்ள வெறும் 2 கிலோபைட். இந்தப் பத்தியை யூனிகோடு எழுத்துகளாகச் சேமிக்கக்கூட அந்த 2 கிலோபைட் போதாது.

இவ்வளவு சிறியதை எதற்காக வாங்க வேண்டும் என்று தோன்றலாம். விளக்கை எரியவிடுவதற்கும், பொத்தான் அழுத்தப்பட்டதா என்று கவனிப்பதற்கும், அறையின் வெப்பத்தை அளப்பதற்கும் இயங்குதளமே தேவையில்லை. ஊனோவில் ஒரே ஒரு நிரல்தான் ஓடுகிறது. மின்சாரம் கொடுத்த ஓரிரு நொடிகளில் அது தொடங்கிவிடும், எந்த நேரத்திலும் இணைப்பைப் பிடுங்கலாம். லினக்ஸ் ஒரே சமயத்தில் பல வேலைகளை மாற்றி மாற்றிக் கவனிப்பதால், சில மைக்ரோவினாடிகளே நீடிக்கும் ஒரு துடிப்பை அது தவறாக அளக்கவும் கூடும். இன்னொரு வேறுபாடு, கடையில் யாரும் சொல்லாதது: ஊனோவில் ஏறியிறங்கும் மின்னழுத்தத்தை நேரடியாக அளக்கும் 6 முனைகள் (பின்கள்) உள்ளன, 0 முதல் 5 வோல்ட் வரையிலான அழுத்தம் 0 முதல் 1023 வரையிலான எண்ணாக நிரலுக்குக் கிடைக்கும். ராஸ்பெரி பையின் 40 முனைகளில் ஒன்றுகூட இதைச் செய்யாது. அதற்குத் தனியே ஒரு சிப்பை வாங்கி இணைக்க வேண்டும்.

ஆகவே, கேமராவில் படம் எடுப்பது, வலைப்பக்கம் நடத்துவது, கோப்புகளைச் சேமித்துப் பகிர்வது போன்றவை உங்கள் ஆசை என்றால் ராஸ்பெரி பையை வாங்குங்கள். மின்னணுவியலைத்தான் கற்க வேண்டும் என்றால் மைக்ரோகண்ட்ரோலரில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. இரண்டுக்கும் இடைப்பட்டதாக, 2021இல் வந்த பைக்கோ என்னும் பலகையையும் பரிசீலியுங்கள். பெயரில் ராஸ்பெரி பை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கணினி அன்று, மைக்ரோகண்ட்ரோலர்தான்; 264 கிலோபைட் நினைவகம் இருப்பதால் பைத்தானின் சிறு வடிவமான மைக்ரோபைத்தான் மொழியில் எழுதிய நிரலை வசதியாக ஓட்டும். கணக்கர் பணியில் விரிதாள் சூத்திரங்கள் எழுதிப் பழகியவர் என்றால் பைத்தான் உங்களுக்கு அவ்வளவு அந்நியமாக இருக்காது.

கேள்வி: பலகையுடன் வேறு என்னென்ன வாங்க வேண்டும்? முப்பதுக்கும் மேற்பட்ட சென்சார்கள் அடங்கிய பெட்டி ஒன்று விற்பனையில் இருக்கிறதே, அதை வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். அத்தகைய பெட்டிகளில் உள்ள சென்சார்களில் பாதிக்கு மேல் ஒருமுறை சோதித்த பிறகு தொடவே மாட்டீர்கள்; பலவற்றுக்கு ஒழுங்கான விளக்கத்தாளும் இருக்காது. உறுப்புகளைச் செருகியே சுற்று அமைக்க உதவும் பிரெட்போர்டு ஒன்று, ஜம்பர் ஒயர்கள் (இணைப்புக் கம்பிகள்), மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்கள் பல மதிப்புகளில், சில எல்.ஈ.டி.கள், சில அழுத்து பொத்தான்கள், மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கிகள் சில, வெப்பத்தையோ ஒளியையோ உணரும் சென்சார் ஒன்று ஆகியவற்றோடு பல வாரங்கள் பயனுள்ளதாகக் கழியும்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், பலகைக்கும் முன்னால், ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். மின்சாரம் கண்ணுக்குத் தெரியாது. மீட்டர் இல்லாதவர் சுற்று வேலை செய்யாதபோது கம்பிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. மீட்டர் இருந்தால், இந்த முனையில் 5 வோல்ட் வருகிறதா, இந்தக் கம்பி உள்ளே அறுந்திருக்கிறதா என்று கேள்வியைச் சுருக்கிக்கொண்டே போகலாம். விலையுயர்ந்தது தேவையில்லை; நேர்மின்னழுத்தம், மின்தடை, மின்னோட்டம் ஆகியவற்றை அளப்பதும், தொடர்பு இருந்தால் ஒலியெழுப்புவதும் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: மின்னோட்டத்தை அளந்து முடித்ததும் சிவப்புக் கம்பியை ஆம்பியர் துளையிலிருந்து எடுத்து வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். ஆம்பியர் துளையில் மீட்டரின் உட்தடை மிகமிகக் குறைவு; அப்படியே மின்கலத்தின் இரு முனைகளையும் தொட்டால் அது குறுக்குச்சுற்றாகிவிடும் (ஷார்ட் சர்க்யூட்). நல்ல மீட்டரானால் உள்ளேயிருக்கும் ஃபியூஸ் உருகும்.

பிரெட்போர்டைப் பற்றியும் ஒரு சொல். நடுப்பள்ளத்தின் இருபுறமும் ஐந்தைந்து துளைகள் உள்ளே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் வரிசைகள் மின்சாரம் வழங்குவதற்கானவை. சில பலகைகளில் அந்த ஓர வரிசை நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும், சிலவற்றில் தொடர்ச்சியாக இருக்கும். வாங்கியவுடன் மீட்டரின் ஒலிச் சோதனையை வைத்து இதைத் தெரிந்துகொள்வதே மீட்டரின் முதல் பயிற்சியாக இருக்கட்டும். அதேபோல், பலகையைக் கணினி கண்டுகொள்ளவில்லை என்று எழுதியிருக்கும் மற்றொரு வாசகர் முதலில் யு.எஸ்.பி. கம்பியை மாற்றிப் பார்க்கவும். கைப்பேசிக்கு மின்னேற்றம் செய்வதற்காக மட்டும் வரும் சில கம்பிகளில் தகவலைக் கடத்தும் இழைகளே இருப்பதில்லை. பலகையில் விளக்கு எரியும், ஆனால் நிரல் ஏறாது.

கேள்வி: எல்.ஈ.டி.யுடன் ரெசிஸ்டர் ஒன்றைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். நான் சேர்க்காமலே ஊனோவின் முனையில் இணைத்தேன்; நன்றாகத்தான் எரிகிறது. பிறகு ஏன் சேர்க்க வேண்டும்? — கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: நல்ல கேள்வி, "வைக்க வேண்டும் என்றால் வைக்க வேண்டும்" என்ற பதிலோடு நின்றுவிடாதது பாராட்டுக்குரியது. ரெசிஸ்டரில் மின்னழுத்தத்தை இரட்டித்தால் மின்னோட்டமும் இரட்டிக்கும். ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி அது. எல்.ஈ.டி. அந்த விதிக்குக் கட்டுப்படுவதில்லை. சிவப்பு எல்.ஈ.டி.யில் ஏறத்தாழ 2 வோல்ட்டை எட்டும்வரை மின்னோட்டம் மிகக் குறைவாகவே இருக்கும். அதற்குப் பிறகு அழுத்தத்தைச் சிறிதளவு கூட்டினாலும் மின்னோட்டம் செங்குத்தாக ஏறிவிடும். எனவே எல்.ஈ.டி.க்கு எவ்வளவு மின்னோட்டம் போக வேண்டும் என்பதை வேறொரு பொருள்தான் தீர்மானிக்க வேண்டும்.

கணக்கு எளிது. முனையில் 5 வோல்ட், எல்.ஈ.டி. எடுத்துக்கொள்வது 2 வோல்ட், மீதம் 3 வோல்ட். 220 ஓம் ரெசிஸ்டர் என்றால் 3 வோல்ட்டை 220 ஆல் வகுக்க, சுமார் 14 மில்லியாம்பியர். ஊனோவில் உள்ள சிப்பின் ஒரு முனையிலிருந்து வழக்கமாக எடுக்கத்தக்கது 20 மில்லியாம்பியர். 40 என்பது அதற்குமேல் போகவே கூடாத எல்லை. உங்கள் சுற்றில் ரெசிஸ்டர் இல்லாததால், மின்னோட்டத்தைத் தடுத்து நிறுத்துவது சிப்பின் உள்ளே சுவிட்சாகச் செயல்படும் டிரான்சிஸ்டரின் சிறு தடை மட்டுமே. அது எல்லையைத் தாண்டிய நிலையில் வேலை செய்துகொண்டிருக்கிறது; உடனே கருகாமல், சில நாட்களுக்குப் பிறகு அந்த முனை மட்டும் செயலிழந்து போனால் காரணத்தைத் தேடி அலைவீர்கள்.

ஒவ்வொரு சிப்பின் டேட்டாஷீட் எனப்படும் விளக்கத்தாளிலும், தாண்டக் கூடாத உச்ச மதிப்புகள் என்றொரு அட்டவணை இருக்கும். பல நூறு பக்கங்கள் கொண்ட அந்த ஆவணத்தில் தொடக்கநிலையினர் படிக்க வேண்டிய முதல் பக்கம் அதுதான். அதிலுள்ள எண்கள் "இவ்வளவுவரை பயன்படுத்தலாம்" என்பதற்கான அனுமதி அல்ல. "இதைத் தாண்டினால் சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற அறிவிப்பு. வழக்கமாக இயக்குவதற்கான எண்கள் வேறோர் அட்டவணையில் இருக்கும்.

ரெசிஸ்டரைச் சேர்த்த பிறகு இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. சுற்றைத் துண்டிக்காமலேயே, ரெசிஸ்டரின் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தை அளந்து, அதை ரெசிஸ்டரின் மதிப்பால் வகுத்தால், ஓடும் மின்னோட்டம் தெரிந்துவிடும். 3.3 வோல்ட்டில் இயங்கும் பலகைகளில் இதே 220 ஓம் வழியாகச் சிவப்பு எல்.ஈ.டி.க்குச் சுமார் 6 மில்லியாம்பியர் போகும். அதுவே கண்ணுக்குப் போதுமான ஒளி. நீலமும் வெள்ளையும் ஏறத்தாழ 3 வோல்ட்டைத் தாமே எடுத்துக்கொள்வதால், அங்கே மங்கலாக எரிந்தால் வியக்க வேண்டாம்.

கேள்வி: என் பலகைக்கு 1 ஆம்பியர் போதும் என்கிறார்கள். என்னிடம் இருக்கும் அடாப்டரில் 5 வோல்ட், 3 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. இணைத்தால் எரிந்துவிடுமா?

பதில்: எரியாது. வோல்ட் என்பது அடாப்டர் கொடுப்பது, அது பொருந்தியே ஆக வேண்டும். ஆம்பியர் என்பது பலகை எடுத்துக்கொள்வது, அடாப்டரில் எழுதியிருப்பது அதனால் தரக்கூடிய உச்ச அளவு மட்டுமே. கிணற்றில் எவ்வளவு நீர் இருந்தாலும் குடம் கொள்வதைத்தான் எடுக்கும்.

ஆபத்து எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியரும், 2023இல் வந்த ராஸ்பெரி பை 5க்கு 5 ஆம்பியரும் தரும் அடாப்டர்கள் பரிந்துரைக்கப்படுகின்றன. திரையின் மூலையில் மின்னல் குறி தோன்றினால், பலகைக்கு வந்து சேரும் அழுத்தம் சுமார் 4.63 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். அடாப்டர் சரியாக இருந்தும் இப்படி நேர்ந்தால் குற்றவாளி பெரும்பாலும் மெல்லிய, நீளமான கம்பி. போகவும் வரவுமாக அதன் தடை 0.3 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 ஆம்பியர் ஓடும்போது 0.6 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும்.

கேள்வி: பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிய வேண்டும் என்று நிரல் எழுதினேன். கையைப் பலகையின் அருகில் கொண்டுபோனாலே விளக்கு எரிகிறது. சில சமயம் ஒருமுறை அழுத்தினால் மூன்று முறை அழுத்தியதாக எண்ணுகிறது. பலகை பழுதா?

பதில்: பழுதில்லை, இரண்டும் இருவேறு காரணங்களால் நிகழ்கின்றன. பொத்தான் அழுத்தப்படாதபோது உங்கள் உள்ளீட்டு முனை எதனோடும் இணையாமல் அந்தரத்தில் நிற்கிறது. அந்த முனையின் உள்தடை மிக அதிகம் என்பதால், அருகிலுள்ள மின்கம்பிகளிலிருந்தும் உங்கள் உடலிலிருந்தும் வரும் மிகச் சிறிய மின்னலைகள்கூட அதை மேலும் கீழும் ஆட்டிவைக்கின்றன. முனைக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து, பொத்தானை முனைக்கும் கிரவுண்டு எனப்படும் 0 வோல்ட் முனைக்கும் இடையே இணைத்தால், அழுத்தாதபோது உயர்நிலையும் அழுத்தும்போது தாழ்நிலையும் ஐயமின்றிக் கிடைக்கும். இதற்கான ரெசிஸ்டர் பெரும்பாலான சிப்களின் உள்ளேயே இருக்கிறது. நிரலில் ஒரு வரி எழுதி அதை இயக்கிக்கொள்ளலாம். அப்போது பொத்தான் அழுத்தப்பட்டால் தாழ்நிலை என்பதால் நிரலின் நிபந்தனையைத் தலைகீழாக எழுத வேண்டும். தொடக்கத்தில் எல்லோரையும் குழப்பும் இடம் இது.

மூன்று முறை எண்ணுவதற்குக் காரணம், பொத்தானின் உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும்போது சில மில்லிவினாடிகள் துள்ளித் துள்ளியே நிலைகொள்வது. மனிதக் கண்ணுக்கு அது ஒரே அழுத்தம். 16 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்குத் தனித்தனி நிகழ்வுகள். முதல் மாற்றத்தைக் கண்டதும் 20 முதல் 50 மில்லிவினாடிகள்வரை அடுத்த மாற்றங்களைப் பொருட்படுத்தாமல் இருக்கும்படி நிரலைத் திருத்தினால் போதும்.

கேள்வி: ஊனோவில் வேலை செய்த, தூரத்தை அளக்கும் அல்ட்ராசானிக் சென்சாரை ராஸ்பெரி பையில் அப்படியே இணைக்கலாமா?

பதில்: கூடாது. எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற அந்த சென்சார் 5 வோல்ட்டில் இயங்கி, தன் விடையையும் 5 வோல்ட் துடிப்பாகவே அனுப்புகிறது. ராஸ்பெரி பையின் முனைகள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்கும்படி அமைக்கப்பட்டவை அல்ல. 5 வோல்ட் நுழைந்தால் முனையோ, முழுச் சிப்புமோ பாழாகலாம். பலகையில் 5 வோல்ட் தரும் முனைகளும் அருகிலேயே இருப்பது பலரை ஏமாற்றிவிடுகிறது. தீர்வுக்கு இரண்டு ரெசிஸ்டர்கள் போதும்: சென்சாரின் விடை முனையிலிருந்து 1 கிலோ ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம், இரண்டும் சந்திக்கும் இடத்தில் 5 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 3.3 வோல்ட் கிடைக்கும். அந்தச் சந்திப்பைப் பலகையின் முனையோடு சேர்ப்பதற்கு முன் மீட்டரால் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அளவீடு தடுமாறினால் லினக்ஸின் நேரக் கணிப்பையும் சந்தேகிக்கலாம். ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், போய்வர ஒரு சென்டிமீட்டருக்கு 58 மைக்ரோவினாடிகள்தான் ஆகின்றன. இயங்குதளம் அரை மில்லிவினாடி தாமதித்தாலும் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் பிழை வந்துவிடும்.

கேள்வி: பழைய பொம்மைக் காரிலிருந்து எடுத்த மோட்டாரை ஊனோவின் முனையில் இணைத்தால் சுழலவில்லை. பலகையின் 5 வோல்ட் முனையில் இணைத்தால் சுழல்கிறது. ஆனால் மோட்டார் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நிரலும் முதலிலிருந்து தொடங்குகிறது. என்ன செய்வது?

பதில்: இந்த ஒரு கேள்விக்குள் தொடக்கநிலை மின்னணுவியலின் பெரும்பகுதி அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். நிரல் கட்டுப்படுத்தும் முனைகள் செய்தி சொல்வதற்கானவை, வேலை வாங்குவதற்கானவை அல்ல. 20 மில்லியாம்பியரை வைத்துக்கொண்டு எல்.ஈ.டி.யை எரியவிடலாம், மோட்டாருக்கு நூற்றுக்கணக்கான மில்லியாம்பியர் வேண்டும். அதிலும் தொடங்கும் கணம் கடுமையானது. சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் அந்த எதிர்ப்பு இல்லை, கம்பிச் சுருளின் தடை மட்டுமே உண்டு. சுருளின் தடை 3 ஓம் என்றால் 4.5 வோல்ட்டில் தொடக்க மின்னோட்டம் 1.5 ஆம்பியர். அதைப் பலகையின் 5 வோல்ட் முனையிலிருந்து இழுக்கும்போது அழுத்தம் சரிந்து, சிப் தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொள்கிறது. நீங்கள் கண்டது இதுதான்.

மோட்டாருக்குத் தனி மின்கலம் வையுங்கள். அதை இயக்கி நிறுத்துவதற்கு, தாழ்ந்த அழுத்தத்திலேயே முழுமையாகத் திறக்கும் வகையைச் சேர்ந்த மாஸ்ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) ஒன்றைச் சுவிட்சாகப் பயன்படுத்துங்கள். எளிதாகக் கிடைக்கும் பி.சி.547 டிரான்சிஸ்டர் 100 மில்லியாம்பியருக்கு மேல் தாங்காது என்பதால் இங்கே உதவாது. ஐ.ஆர்.எஃப்.520 பொருத்திய சிறு பலகைகளும் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் அந்த மாஸ்ஃபெட் முழுமையாகத் திறக்கச் சுமார் 10 வோல்ட் தேவை, 3.3 வோல்ட் பலகையோடு அரைகுறையாகத் திறந்து வீணே சூடாகும். மின்கலத்தின் எதிர்முனையையும் (மைனஸ்) ஊனோவின் கிரவுண்டையும் மறக்காமல் இணைக்க வேண்டும். இரண்டு மின்மூலங்களுக்கும் பொதுவான அடித்தளம் இல்லாவிட்டால், சிப் அனுப்பும் 5 வோல்ட் எதை ஒப்பிட்டு 5 வோல்ட் என்பது மாஸ்ஃபெட்டுக்குத் தெரியாது. என்னிடம் வரும் "எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஓடவில்லை" வகைக் கடிதங்களில் கணிசமானவற்றுக்கு இந்த ஒரு கம்பிதான் விடை.

கடைசியாக, மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் 1என்4007 போன்ற டையோடு ஒன்றை, அதன் வெள்ளிக் கோடு நேர்முனையை நோக்கும்படி வையுங்கள். சுருளில் ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால், அதன் காந்தப்புலம் சரியும்போது பல மடங்கு உயர்ந்த மின்னழுத்தம் எழும்பி மாஸ்ஃபெட்டைத் துளைத்துவிடும். டையோடு அந்த மின்னோட்டத்துக்கு மாற்றுவழி தந்து அடங்கச் செய்கிறது. மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் சுருளுக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ரிலே ஒன்றை வைத்து வீட்டின் மின்விசிறியைக் கட்டுப்படுத்தலாமா?

பதில்: இப்போது வேண்டாம். 5 வோல்ட்டில் செய்த தவறு ஒரு சிப்போடு போகும். வீட்டு மின்னிணைப்பில் செய்த தவறு உயிரோடு விளையாடும். பழகும் காலம் முழுவதும் 12 வோல்ட்டுக்கு உட்பட்ட சாதனங்களோடு இருங்கள். தேவை உண்மையானால், மூடிய உறையுடன் முறையான சான்று பெற்ற சுவிட்சுகளை வாங்கி, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள்.

கேள்வி: என் 11 வயது மகள் சால்டரிங் (உலோகக் கம்பியை உருக்கிப் பற்றவைப்பது) கற்க விரும்புகிறாள். ஈயம் நச்சு என்கிறார்களே, அனுமதிக்கலாமா? — தாய் ஒருவர்

பதில்: நீங்கள் உடனிருந்தால் அனுமதிக்கலாம். 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு ஈயமும் கலந்த சால்டர் கம்பி 183 டிகிரி செல்சியஸில் உருகி எளிதாகப் பாய்வதால் பழகிய கைகளுக்கு அதன்மேல் ஒரு பிரியம் உண்டு. ஈயம் கலக்காத கம்பி 217 டிகிரியை ஒட்டித்தான் உருகும், சற்று முரண்டும் பிடிக்கும். ஆயினும் குழந்தைக்கு அதையே வாங்கிக் கொடுங்கள். மேலெழும் புகை ஈயம் அன்று, கம்பியின் உள்ளேயிருக்கும் ரோசின் என்னும் பிசின் எரிவது. அது மூச்சுக்குழலை உறுத்தும், இழுப்பு நோய் உள்ளவர்களுக்குக் கூடவே கூடாது. சன்னலைத் திறந்து வைத்து, முகத்துக்கு அப்பால் புகையை இழுக்கும்படி சிறு விசிறி ஒன்றை வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியட்டும், தலைமுடி பின்னிக் கட்டப்பட்டிருக்கட்டும், முடித்ததும் சோப்பால் கை கழுவாமல் உணவைத் தொட வேண்டாம்.

கற்றுக்கொடுக்கும்போது ஒன்றை வலியுறுத்துங்கள். கம்பியைச் சால்டரிங் அயர்னின் நுனியில் உருக்கி இணைப்பின்மேல் தடவக் கூடாது. நுனியால் பலகையின் செப்புத் தடத்தையும் உறுப்பின் காலையும் ஒருசேரச் சூடேற்றி, அந்தச் சூட்டிலேயே கம்பி உருகிப் பாயும்படி இணைப்பில் தொட வேண்டும். பந்துபோல் திரண்டு நிற்பது ஒட்டாத இணைப்பு. சரிவாகப் படர்ந்து தடத்தைப் பிடித்திருப்பதே நல்ல இணைப்பு.

கேள்வி: ஆறு மாதங்களாக நன்றாக ஓடிய என் ராஸ்பெரி பை, மின்வெட்டுக்குப் பிறகு தொடங்கவே இல்லை. மெமரி கார்டு கெட்டுவிட்டதா?

பதில்: கார்டு கெட்டிருக்கலாம்; ஆனால் அதில் இருந்த கோப்பமைப்பு சிதைந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். இயங்குதளம் ஓடும்போது நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் அது நிகழ்வுக் குறிப்புகளைக் கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும்; எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுவிடும். கார்டை வேறொரு லினக்ஸ் கணினியில் செருகிக் கோப்பமைப்பைச் சரிபார்க்கும் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். தேறாவிட்டால் புதிதாக இயங்குதளத்தை எழுதுங்கள். இனிமேல் நிறுத்தும்போது ஷட்டவுன் கட்டளை கொடுத்து, பச்சை விளக்கு சிமிட்டுவது நின்ற பிறகே இணைப்பைப் பிடுங்குங்கள். எல்லாம் ஒழுங்காக அமைந்த நாளில் கார்டின் முழு நகல் ஒன்றை எடுத்து வைப்பது, நிரலை மட்டும் எடுத்து வைப்பதைவிட மேலானது.

கேள்வி: தொட்டிச் செடிக்குத் தானாக நீர் ஊற்றும் கருவியை முதல் முயற்சியாகச் செய்ய எண்ணுகிறேன். மண்ணின் ஈரத்தை அளக்கும், இரண்டு கால்கள் கொண்ட சென்சார் சில வாரங்களில் அரித்துப்போய்விட்டது. தரமற்றதை வாங்கிவிட்டேனா?

பதில்: தரத்தைவிட அதன் செயல்முறையே காரணம். அந்த இரண்டு கால்களுக்கிடையே ஈரமண் வழியாக நேர்மின்னோட்டம் ஓடுகிறது; உப்புகள் கரைந்த நீரில் அது மின்பகுப்பை உண்டாக்கி, நேர்முனைக் காலின் உலோகத்தைக் கரைத்துவிடும். உலோகம் மண்ணைத் தொடாமல், மின்தேக்குத்திறனின் மாற்றத்தை வைத்து ஈரத்தை உணரும் வகையை வாங்கினால் இத்தொல்லை பெருமளவு நீங்கும். அதன் மேற்புறத்தில் மின்னுறுப்புகள் இருக்கும் பகுதி மட்டும் நனையக் கூடாது. இருக்கும் சென்சாரையே பயன்படுத்த வேண்டுமானால், அதற்கு எப்போதும் மின்சாரம் கொடுக்காமல், நிரல் கட்டுப்படுத்தும் ஒரு முனையிலிருந்து அரைமணிக்கு ஒருமுறை ஒரு நொடி மட்டும் கொடுத்து அளந்துவிட்டு நிறுத்துங்கள். சென்சார் தரும் எண்ணுக்குத் தனியே பொருளில்லை என்பதால், முற்றிலும் காய்ந்த மண்ணில் ஒருமுறையும், நீர் ஊற்றி வடிந்த மண்ணில் ஒருமுறையும் அளந்து, அவ்விரண்டு எண்களுக்கிடையே உங்கள் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். நீரேற்றும் பம்ப் ஒரே தடவையில் பத்து நொடிகளுக்கு மேல் ஓடக் கூடாது என்ற வரம்பையும் நிரலில் சேருங்கள். சென்சாரின் கம்பி கழன்றுவிட்டால் கருவிக்கு மண் என்றென்றும் காய்ந்ததாகவே தோன்றக்கூடும்.